மக்காச்சோளத்தின் வேரும் மண்ணின் குணமும்

பயிரைப் பார்க்கச் செல்லுகிறவர் எவராயினும் முதலில் இலையைப் பார்ப்பார். பின்பு தண்டைப் பார்ப்பார். கதிர் வந்திருந்தால் அதைக் கையாற் பிடித்துக் கனம் பார்ப்பார். வேரைப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர் உண்டோ என்பது சந்தேகமே. அறுவடையானபின் அடிக்கட்டையைப் பிடுங்கும்பொழுது மாத்திரம் வேர் நம் கண்ணிற் படுகின்றது. அப்பொழுதும் அதிலுள்ள மண்ணை உதறிவிட்டு வரப்பின்மேல் எறிந்துவிடுகிறோம். இவ்வழக்கத்தில் நானும் பிறருக்கு இளைத்தவனல்லன். சங்கங்களின் கணக்குகளைச் சரிபார்ப்பதும், தவணை தவறியவர்களின் நிலத்தைச் சென்று காண்பதும் என் உத்தியோகத்தின் பகுதிகள். ஆயினும் ஒரு பயிரின் வேரைத் தோண்டிப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு ஒரு புகார் மனுவினாலேயே நேர்ந்தது.

மனுவின் விவரம் வருமாறு: பெரம்பலூர் ஜில்லாவில் ஒரு கிராமம். அவ்வூர்ச் சங்கத்தைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் புரட்டாசி மாதத்தில் ஒரே கடையில் வாங்கிய மக்காச்சோள விதையை ஒரே வாரத்தில் விதைத்தனர். உரத்தையும் சங்கத்திலிருந்து ஒரே நாளிற் கடனாகப் பெற்றனர். அண்ணனுடைய நிலம் பள்ளத்துக் கரிசல். தம்பியினுடையது மேட்டுச் செம்மண். ஐப்பசி மழை அடைமழையாகப் பெய்து, கார்த்திகையில் அடியோடு நின்றுவிட்டது. அண்ணன் நிலத்துப் பயிர் முழங்கால் உயரத்திலேயே மஞ்சளித்து நின்றது. தம்பியின் பயிர் மழை நாட்களிற் செழித்து வளர்ந்து, மழை நின்ற பதினைந்து நாட்களுக்குள் பகலெல்லாம் இலையைச் சுருட்டிக்கொள்ளத் தொடங்கிற்று. இருவரும் சேர்ந்து, உரத்திற் கலப்படம் என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினர். சில நாட்களுக்குள் ஊரில் வேறு சிலரும் அதையே சொல்லி, கடனைக் கட்டமாட்டோம் என்றனர். சங்கம் வைத்திருப்பது உறுப்பினரின் பணம். ஒரு வதந்தியினால் அது வசூலாகாமற் போனால், அடுத்த போகத்தில் விதைக்கக் கையில் ஒன்றுமில்லாத ஏழைக் குடியானவனே முதலிற் பாதிக்கப்படுவான். ஆகையால் நான் நேரிற் போகவேண்டியதாயிற்று.

உர மூட்டையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். என்னுடன் வந்திருந்த விவசாய இலாகா நண்பர் இரண்டு நிலங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அண்ணன், "வேரில் என்ன ஐயா இருக்கிறது? எல்லா வேரும் ஒன்றுதானே?" என்றார். மண்வெட்டி வந்தது. இரண்டு நிலங்களிலும் நிலத்திற்கு மூன்று செடிகளாகத் தோண்டிக் கிணற்றடித் தொட்டியிற் கழுவி, திண்ணையில் அருகருகே வைத்தோம். ஒரே மூட்டை விதையிலிருந்து பிறந்த செடிகள் அவை என்று சத்தியம் செய்தாலும் பார்த்தவர்கள் நம்பியிருக்கமாட்டார்கள். கரிசலிலிருந்து வந்தவற்றில் கீழ்வேர்களெல்லாம் பழுப்பேறி, தொட்டால் தோல் கழன்று வந்தன. அழுகல் நாற்றமும் இருந்தது. மண்ணின் மேற்பரப்பை ஒட்டி மாத்திரம் வெண்மையான புதுவேர்கள் சில படுக்கையாக ஓடியிருந்தன. செம்மண்ணிலிருந்து வந்தவற்றில் வேர்கள் ஆரோக்கியமாகவே இருந்தன. ஆனால் ஏறக்குறைய 7 அங்குல ஆழத்தில் எல்லாம் ஒரேமாதிரியாக மடங்கி, சிமெண்டுத் தரையின்மீது தண்ணீர் பரவுவதுபோற் பக்கவாட்டில் பரவிவிட்டிருந்தன. ஏர்க்காலுக்குக் கீழே பல வருஷங்களாக இறுகிப்போயிருந்த மண்தட்டு அது.

அன்று அந்நண்பர் சொல்லியவற்றையும், பிற்பாடு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

மக்காச்சோளம் நம் நாட்டுப் பயிரன்று. ஏறக்குறைய 9,000 வருஷங்களுக்கு முன்பு மெக்சிகோ தேசத்தின் தென்மேற்கே பால்சாஸ் என்னும் நதியின் பள்ளத்தாக்கில், தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து அங்குள்ள குடிகளால் அது உண்டாக்கப்பட்டது. அங்கிருந்து மலைகள்மீது ஏறிற்று. பாலைவனங்களின் ஓரத்திற்குப் போயிற்று. மழைக்காடுகளின் புளிப்பு மண்ணிலும் குடியேறிற்று. 1492-க்குப் பிறகு கடல் கடந்து ஆப்பிரிக்காவிற்கும் ஆசியாவிற்கும் வந்தது. இத்தனை விதமான மண்ணிலும் ஒரே பயிர் எவ்வாறு பிழைக்கிறது என்ற கேள்விக்கு விடையில் ஒரு பெரும்பகுதி வேரிலே இருக்கின்றது.

அவ்வேர் ஒரே வேரன்று. விதை முளைத்தவுடன் நேராகக் கீழே இறங்குவது முளைவேர். அதனுடன் விதையிலிருந்தே சில வேர்கள் பக்கங்களிற் கிளம்பும். இவற்றை விதைவேர் எனலாம். இவையிரண்டும் குழந்தைப் பருவத்துக்கே பெரிதும் உதவுபவை. பிறகு தண்டின் அடிக்கணுக்களிலிருந்து சுற்றுச் சுற்றாக வேர்கள் இறங்குகின்றன. இக்கணுவேர்களே வளர்ந்த செடியின் முக்கியமான வேர்த்தொகுதி. தரைக்கு மேலேயுள்ள கணுக்களிலிருந்தும் ஒன்றிரண்டு சுற்று வேர்கள் கூடாரக் கயிறு போற் சாய்வாக வந்து நிலத்தைப் பற்றும், அவை தாங்குவேர்கள். இவை ஒவ்வொன்றிலிருந்தும் சல்லி சல்லியாகப் பக்கவேர்கள் பிரியும். எல்லாவற்றின்மீதும் கண்ணுக்கு மெல்லிய பஞ்சுபோலத் தோன்றும் வேர்த்தூவிகள் உண்டு. எத்தனை கணுவேர்கள், எந்தக் கோணத்தில் இறங்குகின்றன, பக்கவேர்கள் நெருக்கமா அகலமா, தூவிகள் நீளமா குட்டையா, வேரைக் குறுக்கே வெட்டினால் உள்ளே நிறைவா பொந்தா என்னும் விஷயங்கள் ரகத்துக்கு ரகம் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடுகளிற் பெரும்பாலானவை பரம்பரையாக வருபவை. செம்மண்ணிற் கண்ட மடக்கமும் கரிசலிற் கண்ட அழுகலும் மண் செய்த வேலை; ஆனால் அதே மண்ணில் வேறொரு ரகம் வேறுவிதமாக நடந்துகொண்டிருக்கக்கூடும்.

இனி, வேருக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு என்பதை நான் கணக்குப் பார்க்கிறவனாகையால் சற்று விரித்துச் சொல்லுகிறேன். இலையானது சூரிய வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரையைச் சம்பாதிக்கின்றது. அச்சம்பாத்தியத்தில் ஒரு பங்கு வேரை வளர்ப்பதற்கும், வளர்ந்த வேரை உயிருடன் வைத்துக்கொள்வதற்கும் செலவாகின்றது. சத்தற்ற நிலத்தில் இச்செலவு அன்றாடச் சம்பாத்தியத்திற் பாதி வரையில் ஏறிவிடும். ஆகவே, வேர் எவ்வளவு அதிகமோ அவ்வளவும் நல்லது என்று எண்ணுவது தவறு. நூறு சிப்பந்திகளை நியமித்து ஐம்பது ரூபாய் வசூலித்த சங்கத்தை யார் மெச்சுவர்? குறைந்த செலவில், சத்து எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேருகின்ற வேரே கெட்டிக்கார வேர்.

சத்து எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயம் அடங்கியிருக்கின்றது. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் நகராது. போட்ட இடத்திலேயே மண்துகளுடன் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேரைச் சுற்றி ஒரு நூல் கனத்திலுள்ள மணிச்சத்தை வேர் உண்டுவிட்டால், சிறிது தூரத்திலுள்ள சத்து தானாக வந்து அவ்விடத்தை நிரப்பாது. வேர்தான் அதனிடம் போகவேண்டும். உதிர்ந்த இலை, எரு, உரம் எல்லாம் மேலே விழுவனவாகையால் இச்சத்து பெரும்பாலும் மேல்மண்ணிலேயே இருக்கும். இதற்கு ஏற்றது யாதெனில், படுக்கையாகப் பரவும் கணுவேர்களும், நெருக்கமான பக்கவேர்களும், நீண்ட தூவிகளுமே. வேருடன் உறவு பூண்டு வாழும் ஒருவகைப் பூசணத்தின் இழைகளும் தூவி எட்டாத இடத்துக்குச் சென்று மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கின்றன.

தழைச்சத்தின் குணம் இதற்கு நேர்மாறானது. யூரியாவாக இட்டாலும் சில நாட்களுக்குள் அது மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட் ஆகிவிடுகின்றது. நைட்ரேட்டோ தண்ணீரிற் கரைந்த சர்க்கரை போன்றது. தண்ணீர் போமிடமெல்லாம் தானும் போகும். இளம் பயிரின் வேர் அரையடி இறங்குவதற்குள் ஒரு பலத்த மழை பெய்தால், சத்து இரண்டடி ஆழத்துக்குப் போய்விடும். 1999-இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, உலகமெங்கும் தானியப் பயிர்களுக்கு இடப்படும் தழைச்சத்தில் ஏறக்குறைய 33 சதவீதமே தானியத்தில் வந்து சேருகின்றது. மிகுதியில் ஒரு பகுதி தட்டையில் நிற்கிறது, ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது, ஒரு பகுதி காற்றிற் கலக்கிறது, ஒரு பகுதி வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிப் பின்பு கிணற்றுத் தண்ணீரைக் கெடுக்கின்றது. சங்கத்தில் நூறு ரூபாய்க்கு யூரியாக் கடன் வாங்கியவர் அதில் எத்தனை ரூபாய்க்குத் தாம் வட்டி கட்டுகிறோம், எத்தனை ரூபாய்க்குப் பலன் காண்கிறோம் என்று இதைக் கொண்டு யோசித்துக்கொள்ளலாம்.

இறங்கி ஓடும் சத்தைப் பிடிப்பதற்கும், மழை நின்றபின் அடிமண்ணில் மிஞ்சியிருக்கும் ஈரத்தை உறிஞ்சுவதற்கும் செங்குத்தாக விரைந்து இறங்கும் வேர் வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா ராஜ்யப் பல்கலைக்கழகத்திலுள்ள ஜோனதன் லிஞ்ச் என்னும் பேராசிரியர் இவ்விஷயத்தில் வெகுகாலமாக உழைத்து வருபவர். 2013-இல் அவர் இத்தகைய வேருக்கு மூன்று லட்சணங்கள் கூறினார்: அது செங்குத்தாக இருக்கவேண்டும், செலவு குறைந்ததாக இருக்கவேண்டும், ஆழமாகப் போகவேண்டும். செலவு குறைவு என்பதே இதில் நூதனமான எண்ணம். கணுவேர்கள் எண்ணிக்கையிற் குறைவாக இருந்தால், இருக்கின்ற சில வேர்களுக்கும் சர்க்கரை தாராளமாகக் கிடைத்து அவை ஆழமாக இறங்குகின்றன. பக்கவேர்கள் நெருக்கமாயும் குட்டையாயும் இருப்பதைவிட, சிலவாயும் நீளமாயும் இருந்தால் தழைச்சத்துக் குறைந்த நிலத்திலும் வறட்சியிலும் பயிர் நன்றாக நிற்கின்றது. மணிச்சத்துக் குறைந்த நிலத்திலோ நெருக்கமான பக்கவேர்களே மேல்.

செலவைக் குறைப்பதற்கு இயற்கை கண்டுபிடித்திருக்கும் மற்றோர் உபாயம் மிகவும் விசித்திரமானது. மக்காச்சோள வேரைக் கூரிய பிளேடால் குறுக்கே மெல்லிய வில்லையாக அரிந்து பூதக்கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தால், மையத்தைச் சுற்றியுள்ள சதைப்பகுதியிற் சிறு சிறு பொந்துகள் தெரியும். அவ்விடத்திலிருந்த உயிரணுக்கள் தாமாகவே மாண்டு, தங்களிடமிருந்த சத்தைப் பயிருக்குத் திரும்பக் கொடுத்துவிட்டுக் காற்றறைகளாகிவிட்டன. உயிருள்ள சதை குறைந்தால் அதைக் காப்பாற்றும் செலவும் குறைகிறது. வறட்சியிலும் சத்துக்குறைவிலும் இக்காற்றறைகள் மிகுதியாக உண்டாகின்றன. சில ரகங்களில் அதிகம், சிலவற்றிற் குறைவு. ஆப்பிரிக்காவில் மலாவி தேசத்தில் நடந்த பரிசோதனைகளில், தண்ணீர் போதாத நிலத்தில் காற்றறை மிகுந்த ரகங்கள் ஏனையவற்றைவிட வெகுவாக அதிக மகசூல் கொடுத்தன. அத்தேசத்தின் ஏழைக் குடியானவர்களுக்கு மக்காச்சோளமே அன்றாட உணவு. உரம் வாங்கச் சக்தியுடையவர் குறைவு. அங்கே இது பசிக்கும் சோற்றுக்கும் உள்ள வேறுபாடு.

இதே காற்றறைகள் நீர்தேங்கிய நிலத்தில் வேறொரு வேலை செய்கின்றன. மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் அங்கே பிராணவாயு கிடையாது. வேருக்கும் மூச்சு உண்டு. மூச்சு முட்டினால் சத்தை உறிஞ்ச அதற்கு வலுவில்லை. பயிர் தண்ணீரில் நின்றுகொண்டே பட்டினி கிடந்து மஞ்சளிக்கிறது. அண்ணனுடைய கரிசலில் நடந்தது இதுவே. காற்றறைகள் இருந்தால் தண்டிலிருந்து காற்று வேரின் உட்புறமாக இறங்கலாம். ஆனால் சாதாரண மக்காச்சோள வேரில் அக்காற்று வழியிலேயே மண்ணுக்குள் கசிந்துவிடுகின்றது. நெல்லின் வேரிலோ நீர்தேங்கிய நிலத்தில் வெளிப்புறமாக ஒரு காப்புச்சுவர் உண்டாகிக் காற்றைக் கசியவிடாமல் நுனிவரையிற் கொண்டுபோகின்றது. நெல் சேற்றில் வாழும் இரகசியங்களில் இது ஒன்று. மத்திய அமெரிக்காவில் நிகராகுவா தேசத்தின் கடற்கரைச் சதுப்பில் வளரும் ஒரு காட்டுத் தியோசிந்தேயில் காற்றறைகளும் இக்காப்புச்சுவரும் இரண்டுமே இருக்கின்றன. அது மக்காச்சோளத்துக்கு நெருங்கிய இனமாகையால் இரண்டையும் ஒட்டுச் சேர்க்கலாம். ஜப்பானிய ஆராய்ச்சியாளர் அவ்வாறே அதன் குணங்களை மக்காச்சோளத்துக்குக் கொண்டுவர முயன்று வருகின்றனர்.

இறுகிய மண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். வேர் முன்னேறாததற்குக் காரணம் மண்ணின் கடினம் ஒன்றே என்றுதான் வெகுகாலம் கருதப்பட்டது. 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி வேறொன்றைத் தெரிவித்தது. வேரின் நுனியிலிருந்து எதிலீன் என்னும் வாயு எப்பொழுதும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. பொலபொலப்பான மண்ணில் அது பரவிப் போய்விடும். இறுகிய மண்ணில் போக வழியின்றி வேரைச் சுற்றியே தங்கி, நீண்டது போதும், நில் என்று வேருக்கே கட்டளையிடுகிறது; வேர் தடித்துக் குட்டையாகிவிடுகிறது. அதே வருஷத்தில் லிஞ்ச் கூட்டத்தார் மற்றொன்றையும் கண்டனர். சில மக்காச்சோள ரகங்களின் வேரில் தோலுக்கு அடுத்தாற்போல் தடித்த சுவருடைய சிறு உயிரணுக்கள் பல அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. அத்தகைய வேர் வளையாமல் இறுகிய மண்ணைத் துளைத்துச் செல்லுகிறது. பனையோலை ஈர்க்கையும் வாழைநாரையும் மண்ணிற் குத்திப் பார்த்தால் வேற்றுமை விளங்கும்.

புளிப்பு மண் நம் பக்கத்துச் சமவெளிகளில் அதிகமில்லை. ஆனால் பிரேசில் தேசத்தின் பரந்த மேட்டுநிலங்களிலும் ஆப்பிரிக்காவிலும் அதுவே பெரிய இடையூறு. மண் மிகவும் புளித்துவிட்டால் களிமண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வெளிவந்து வேர்நுனியைக் கருக்கிவிடும். இதைத் தாங்கும் மக்காச்சோள ரகங்கள் வேர்நுனியிலிருந்து எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பைக் கசியவிடுகின்றன. அது அலுமினியத்தைப் பிடித்துக் கட்டி, தீங்கற்றதாக்கிவிடுகின்றது. அமிலத்தை வெளியேற்றும் வாயிலுக்குரிய மரபணு சாதாரண ரகங்களில் ஒரு பிரதியாகவும், புளிப்பு மண் பிரதேசங்களிலிருந்து வந்த சில ரகங்களில் மூன்று பிரதிகளாகவும் இருப்பது 2013-இல் அறியப்பட்டது. அப்பிரதேசங்களின் குடியானவர்கள் எந்தச் சாஸ்திரமும் படியாமல், பிழைத்த கதிரிலிருந்து விதையெடுத்து விதையெடுத்தே இம்மூன்று பிரதிகளைக் காப்பாற்றி வந்திருக்கின்றனர்.

குடியானவர்களின் இக்கைவண்ணத்துக்கு மேலும் வியப்பான உதாரணம் மெக்சிகோவின் ஒஹாக்கா மாகாணத்து மலைகளில் இருக்கின்றது. சியரா மிக்ஸே என்னும் அம்மலைப்பகுதியில் மிக்ஸே ஜனங்கள் பரம்பரையாகப் பயிரிட்டுவரும் மக்காச்சோளம் 15 அடிக்கு மேலும் வளரும். மற்ற மக்காச்சோளத்தில் ஒன்றிரண்டு கணுக்களிலேயே தாங்குவேர் இருக்க, இதில் எட்டுப் பத்துக் கணுக்களில் விரல் கனத்துச் செந்நிற வேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. மழை பெய்தால் அவ்வேர்களின் நுனியில் வெல்லப்பாகுபோன்ற கொழகொழப்பான திரவம் ஊறித் துளிக்கின்றது. சர்க்கரை நிறைந்த அத்திரவத்தில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. அச்செடி தனக்கு வேண்டிய தழைச்சத்தில் 29 முதல் 82 சதவீதம் வரையில் இவ்வாறு காற்றிலிருந்தே பெறுகின்றது என்று 2018-இல் கலிபோர்னியா, விஸ்கான்ஸின் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் ஐந்து வருஷப் பரிசோதனைக்குப்பின் எழுதினர். தட்டைப்பயறும் உளுந்தும் செய்கின்ற காரியத்தைச் சோள இனத்தைச் சேர்ந்த ஒரு பயிர் செய்வது எவரும் எதிர்பாராதது. ஆனால் இதைக் கேட்டவுடன் அவ்விதையைத் தருவித்து விதைக்கலாமென்று யாரும் ஆசைப்படவேண்டாம். அது முற்றுவதற்கு வெகு மாதங்கள் பிடிக்கும். ஈரமும் மூடுபனியும் நிறைந்த மலைக்கு ஏற்பட்டது அது.

இவ்வளவும் படித்தவர், எல்லா நற்குணங்களையும் ஒரே விதையில் அடைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் சங்கடம். மணிச்சத்துக்காக வேரைப் படுக்கையாகப் பரவவிட்டால், அடிமண் ஈரம் கைவிட்டுப் போகும். செங்குத்தாக இறக்கினால் மேல்மண்ணின் மணிச்சத்து போகும். காற்றடித்தால் செடி சாய்வதும் உண்டு. கணுவேர்களைக் குறைத்தால் செலவு மிச்சம். ஆனால் இருக்கும் சிலவற்றில் இரண்டைப் புழு தின்றுவிட்டால் மிஞ்சுவது என்ன? அடியில் அலுமினிய விஷம் உள்ள நிலத்தில் ஆழமாகப் போவதே ஆபத்து. ஒரு மண்ணுக்கு வரமாயிருப்பது மற்றொரு மண்ணுக்குச் சாபமாகின்றது. 2024-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியும் இதற்கு ஒத்தே இருக்கின்றது: காட்டுப்புல்லிலிருந்து மக்காச்சோளம் பிறந்தபோது விதைவேர்கள் எண்ணிக்கையிற் பெருகின, பின்னர் அது வறண்ட பிரதேசங்களுக்குக் குடியேறியபோது அங்குள்ள ரகங்களில் அவை மறுபடி குறைந்து, பக்கவேர்கள் பெருகின.

இத்தருணத்தில் தம்பி கேட்ட ஒரு கேள்வியை எழுதாமல் விடுவது நியாயமாகாது. உரச் சோதனையின் முடிவு வந்து, கலப்படமில்லை என்று நான் வாசித்துக் காட்டியபொழுது அவர் கோபப்படவில்லை. "குற்றம் உரத்தில் இல்லை, மண்ணிலென்கிறீர்கள். சரி. இந்த மண் நேற்று வந்ததில்லையே, ஐயா. இதற்கு ஏற்ற விதையை ஏன் யாரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை?" என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. விதைப் பையில் எத்தனை நாட்பயிர், கதிர் எவ்வளவு பெரிது, மணி என்ன நிறம் என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறது. வேரைப் பற்றி ஒரு வார்த்தையுமில்லை. புதிய ரகங்களைப் பெரும்பாலும் உரமும் நீரும் குறைவில்லாத பண்ணைகளில் மகசூலைக் கொண்டே தேர்ந்தெடுத்து வந்திருக்கின்றனர். வேரைத் தோண்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் சமீப காலத்தது. கரிசலுக்கு இது, செம்மண்ணுக்கு இது என்று வேரை வைத்துப் பிரித்துக் கொடுக்கும் விதை அவர் வாங்கிய கடையில் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வியென்றே சொன்னேன்.

விதை வருமட்டும், மண்ணை வேருக்கு இசையச் செய்வது நம் கையிலிருக்கிறது. கரிசலில் மக்காச்சோளத்தைப் பாத்தியில் விதைக்காமல் பார்கட்டிப் பார்மேல் விதைத்து, நீர் வடியப் பள்ளப்பக்கம் வாய்க்கால் விடவேண்டும். கணுவேர்கள் பிறக்கும் இடமாவது தண்ணீருக்கு மேலே இருக்கும். செம்மண்ணில் கோடையில், மண் உலர்ந்திருக்கும்போது, உளிக்கலப்பையைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால் இறுகிய தட்டு உடையும். ஈரத்தில் ஓட்டினால் பிளந்து மூடிக்கொள்ளுமேயன்றி உடையாது. மணிச்சத்து உரத்தை நிலமெங்கும் தூவாமல் விதைவரிசையின் பக்கத்தில், விதைக்குச் சற்றுக் கீழே விழும்படி இட்டால் இளவேரின் வாயிலேயே கொடுத்ததாகும். தழைச்சத்தை ஒரே தடவையிற் கொட்டாமல் மூன்று தவணைகளாக, வேர் வளர வளரக் கொடுக்கவேண்டும். சங்கக் கடனைத் தவணையாகக் கட்டுகிற நமக்கு இது புதிதன்று. செம்மண்ணில் மக்காச்சோளத்துக்குப் பிறகு அடுத்த போகத்தில் துவரை போடுவதும் நல்லது. அதன் ஆணிவேர் ஆழமாகத் துளைக்கும். அதுவுமன்றி, துவரை வேரிலிருந்து கசியும் ஓர் அமிலம், இரும்புடன் பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை விடுவிக்கின்றது என்று ஹைதராபாத்தை அடுத்த பதான்சேருவிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தார் 1990-இலேயே காட்டியிருக்கின்றனர். செம்மண்ணின் சிவப்பே இரும்புதான்.

எல்லாவற்றுக்கும் முதலில் நம் நிலத்தின் வேரை நாமே பார்த்துவிடவேண்டும். ஆராய்ச்சிக்காரர்களும் இதற்கு மண்வெட்டியைத்தான் உபயோகிக்கிறார்கள். 2011-இல் அவர்கள் வகுத்து வெளியிட்ட முறை நம்மாலும் எளிதிற் செய்யக்கூடியது. பூவெடுக்கும் சமயத்தில், வரப்போரத்தை விட்டு நடுவயலில் சாதாரண வளர்ச்சியுள்ள மூன்று செடிகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்க. தண்டை ஓரடி விட்டு மேலே வெட்டிவிடுக. தண்டிலிருந்து நாலாபக்கமும் 8 அங்குலம் தள்ளி, 10 அங்குல ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டி, மண்ணோடு அடியைப் பெயர்த்தெடுக்கவேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் நல்ல வேரெல்லாம் உள்ளேயே அறுந்து நின்றுவிடும். லேசாக உதறி, துணிதுவைக்கும் சோப்புப்பொடி சிறிது கரைத்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பின் அலசினால் சல்லிவேர் வரையில் தெளிவாகத் தெரியும். கரிசலில் இன்னும் சற்று நேரம் ஊறவேண்டும். அதன்பின் வேரின் கோணத்தையும், கணுவேர்களின் எண்ணிக்கையையும், பக்கவேர்களின் நெருக்கத்தையும், நிறத்தையும், எந்த ஆழத்தில் மடங்குகின்றன என்பதையும் ஒரு காகிதத்திற் குறித்துக்கொள்க. இரண்டு ரக விதையை ஒரே நிலத்தில் அருகருகே சில வரிசைகள் போட்டுப் பார்த்தால் எந்த ரகத்தின் வேர் அம்மண்ணுக்கு இசைகிறதென்பதும் தெரிந்துவிடும். கூலி அரைநாளுக்கு மேலாகாது.

அவ்வூரில் அண்ணன் அந்த வருஷத்துத் தவணையை அடுத்த போகத்தில் கட்டினார். தம்பிக்குக் கதிர் பாதிதான் பிடித்தது. நாமக்கல் கோழித்தீவன வியாபாரி கொடுத்த விலையில் உரக்கடனை அடைத்துவிட்டுக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. சித்திரையில் இருவரும் பங்குபோட்டு உளிக்கலப்பை வாடகைக்கு அமர்த்தினர். திண்ணையில் வைத்த வேர்களில் இரண்டைச் சங்கத்துக் காரியதரிசி கயிற்றிற் கட்டி ஜன்னற் கம்பியில் மாட்டிவைத்தார். உரம் வாங்க வருகிறவர்கள் அவற்றைக் காட்டி, இது எந்த நிலம், இது எந்த நிலம் என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.